வழிமொழிந்தவர் பெயர்

எங்கள் கட்டடத்தில் அருள்நாயகத்தை, அவன் இல்லாத இடத்தில், ‘வழிமொழி’ என்றுதான் சொல்வார்கள். கூட்டம் என்று எங்கே நடந்தாலும் போய்விடுவான். நன்றித் தீர்மானமோ, கண்டனத் தீர்மானமோ, கோடை ஒன்றுகூடலுக்கு எந்தப் பூங்கா என்ற பேச்சோ, ஒருவர் பிரேரித்தால் போதும், பின்வரிசையிலிருந்து இவன் கை மேலே போகும். “வழிமொழிகிறேன், சூசைப்பிள்ளை அருள்நாயகம்” என்று முழுப்பெயரும் சொல்லித்தான் உட்காருவான். குறிப்புப் புத்தகத்தில் தன் பெயர் விழவேண்டும், அதுதான் அவனுக்கு ஆசை. அந்தப் புத்தகத்தை எழுதினவள் நான்.

நான் பாலேஸ்வரி. வடமராட்சிக்காரி, சைவம். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்காக இருந்தவள். இங்கே ரொறன்ரோவில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இந்த வேதக்கார, கத்தோலிக்க ஊர்ச் சங்கங்களின் ஒன்றியம் என்னைப் பிடித்து மேசையில் இருத்தியது. கையெழுத்து ஒரு சாட்டு. ஒன்றியத்திலிருந்த ஆறு ஊருக்கும் ஒன்றையொன்று நம்ப ஏலாது. தாழம்பிட்டிக்காரன் குறிப்பு எழுதினால் மற்ற ஐந்து ஊருக்கும் நித்திரை வராது. அவர்களுடைய ஆறு ஊரிலும் சேராத ஒருத்தி தேவைப்பட்டாள். அப்படித்தான் கூட்டத்தில் குறிப்பும், ஆவணி மாதப் போட்டியில் கோல் கணக்கும் என் தலையில் விழுந்தன.

போட்டி என்றது பெண்பிள்ளைகளின் வலைப்பந்து. நெற்போல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், ஊருக்கு ஒரு ரீம், ஏழு பேர். தொண்ணூற்றி நாலில் தொடங்கியது. தொண்ணூற்றி நாலு, ஐந்து, ஆறு, மூன்று வருடமும் கிண்ணம் தாழம்பிட்டிக்குத்தான் போனது. கொண்டுபோனவள் அருள்நாயகத்தின் மகள் நிரோஷினி.

வோபர்னில், மாக்கம் வீதியோரத்துப் பதினான்கு மாடிக் கட்டடத்தில், நான் ஆறாம் மாடி, அவர்கள் எனக்கு நேர்கீழே ஐந்தாம் மாடி. அவன் மனைவி யூஜினி மீன் பொரித்தால் வாசனை என் வீட்டுக்குத்தான் முதலில் வரும். அவள் ஹோட்டல் விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற லோண்டரியில் காலை வேலை. ஆவி பட்டுப் பட்டு உள்ளங்கை இரண்டும் வெடித்திருக்கும். தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு மத்தியானம் என்னிடம் வந்து இருப்பாள். அருள்நாயகம் காருக்குப் புகைக்குழாய் வளைக்கிற தொழிற்சாலையில். அங்கே மிஞ்சின குழாய்களைப் போர்மனிடம் கேட்டு வாங்கிவந்து, பழைய ரயருக்குள் சீமெந்து குழைத்து ஊற்றி, அதற்குள் குழாயை நட்டு, பத்தடி உயரத்தில் வளையம் போட்டு, இரண்டு கம்பம் செய்தான். இந்த நாட்டில் எங்கே பார்த்தாலும் பின்னால் பலகை வைத்த கூடைப்பந்துக் கம்பம்தானே. “பலகை இருந்தால் பிள்ளையளுக்குக் குறி வராது அக்கா. பலகையில பட்டு விழுகிறது விளையாட்டோ” என்பான். பனி கொட்டும் மாதங்களில் கம்பங்களை உருட்டிக்கொண்டு நிலக்கீழ்க் கார்த்தரிப்பிடத்துக்குப் போவார்கள். பந்து சுவரில் படுகிற சத்தம் கட்டடம் முழுவதும் இடிக்கும். கட்டடத்தைப் பார்க்கிற சுப்பிரின்டன் வந்து கலைப்பான். அவன் போனதும் திரும்பவும் உருட்டுவார்கள்.

நிரோஷினி நெடுவல். பந்தைத் தலைக்கு மேலே தூக்கி, விரல் நுனியில் வைத்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நிற்பாள். எதிரே கையை நீட்டி மறிக்கிற பிள்ளைக்கே அலுத்துப்போகும். பிறகு விடுவாள். இருபதுக்குப் பதினேழு விழும். நான் எழுதினவள், எனக்குத் தெரியும்.

தாழம்பிட்டி யூஜினியின் ஊர். அருள்நாயகத்தின் ஊர் இலந்தைத்துறை. கலியாணம் முடித்து அவளுடைய ஊரிலேயே இருந்தவன். பிள்ளை பிறந்ததும் அங்கேதான். ரொறன்ரோவில் தாழம்பிட்டிக் குடும்பங்கள் நாற்பதுக்கு மேலே. இலந்தைத்துறைக்காரர் பார்க்டேலில் இரண்டு குடும்பம், இங்கொன்று அங்கொன்றாக இன்னும் நாலு. ஒன்றியத்தில் பெயருக்கு ஒரு ஊர், அதற்குப் பிரதிநிதி இவன், ரீம் கிடையாது. ஆகவே மகள் தாய் ஊருக்கு விளையாடினாள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

போட்டியன்று மைக் அருள்நாயகத்தின் கையில் இருக்கும். நல்ல குரல். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடுவான். “தாழம்பிட்டியின் கோல் சூட்டர், நிரோஷினி.” சனம் கைதட்டும். தாழம்பிட்டிக் கிழவர்கள் பக்கத்திலிருக்கிறவருக்குச் சொல்வார்கள், “உது எங்கட யூஜினியின்ர பெட்டை.” இவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான். ஒருவரும் அவனைக் காட்டமாட்டார்கள். இதை நான் மூன்று வருடமும் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

தொண்ணூற்றி ஏழு ஆனி மாதம், ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு கோயில் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம். வெளியே வெக்கை, உள்ளே அதைவிட வெக்கை. யூஜினிக்கு அன்றைக்கு வேலை. பெண்ணென்று அங்கே இருந்தவள் நான் ஒருத்தி.

தோற்ற ரீம் ஒன்றைப் பழக்குகிற கிளிபோட் எழும்பினான். நல்ல மனுசன். அவன் சொன்னதில் பிழை சொல்ல ஏலாது.

“போன வருசம் முப்பத்தொண்டுக்கு ஆறு. அதுக்கு முதல் வருசம் இருபத்தெட்டுக்கு நாலு. என்ர பிள்ளையள் அழுதுகொண்டு வான் ஏறினதுகள். இந்த வருசம் மூண்டு பிள்ளையள் வரமாட்டன் எண்டு சொல்லிட்டுதுகள். வெண்டவையே வெண்டுகொண்டிருந்தால் இது என்ன போட்டி? தாழம்பிட்டிக்கு விளையாடுற கோல் கீப்பர் ஆரின்ர பிள்ளை? தாய் பக்கத்திலயும் தகப்பன் பக்கத்திலயும் ஒருதரும் தாழம்பிட்டி இல்லை. சிநேகிதி எண்டு கூட்டிவந்து நிப்பாட்டியிருக்கினம். இப்பிடிச் செய்தால் ஆர் எங்களோட விளையாட வருவினம்?”

பிறகு கடதாசியை விரித்துப் பிரேரணையை வாசித்தான். ஒரு பிள்ளை தன் தாய் அல்லது தகப்பனின் ஊருக்கு மட்டுமே விளையாடலாம். அவ்வளவுதான். இரவல் கோல் கீப்பர் போய்விடுவாள், நிரோஷினி தாய் ஊருக்கு விளையாடுவாள், நியாயம்தான் என்று நான் நினைத்தேன்.

பின்வரிசையில் கை எழும்பியது. சிலர் சிரித்தார்கள், வழக்கம்தானே.

“வழிமொழிகிறேன். ஆனால் ஒரு சின்னத் திருத்தம்” என்றான் அருள்நாயகம். “ஊர் எண்டால் தகப்பன்ர ஊர்தான். எங்கட வழக்கம் அதுதானே. ‘தாய் அல்லது’ எண்ட சொல்லை எடுத்துப்போட்டால் நான் வழிமொழிகிறேன்.”

கிளிபோட் திரும்பி அவனைப் பார்த்தான்.

“அருள், உன்ர பிள்ளையின்ர விசயம் தெரிஞ்சுதான் சொல்லுறியோ?”

“தெரிஞ்சுதான்.”

தாழம்பிட்டிப் பிரதிநிதி எழும்பிக் கத்தினார். தலைவர் வின்சன்ற் உடனே வாக்கெடுப்புக்கு விட்டார். ஐந்துக்கு ஒன்று. நான் எழுதினேன்: ‘தாய் அல்லது’ என்ற சொற்களை நீக்கும் திருத்தத்துடன் வழிமொழிந்தவர், திரு. சூ. அருள்நாயகம்.

தேத்தண்ணி வாங்கப் போனபோது வின்சன்ற் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கதைப்பது கேட்டது. “நீ யோசியாதை. ஊர்ப் பேரில ரீமைப் போடு. ஏழு பேர் சேராட்டி ரெண்டு பிள்ளையை எங்கட ஊர்ப் பக்கத்தால நான் தாறன். முதல் வருசம் எண்டு ஒன்றியம் கண்ணை மூடும்.” அருள்நாயகத்தின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் யூஜினி படியேறி என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“கேட்டீங்களோ அக்கா, அவங்கள் செய்த வேலையை? தகப்பன்ர ஊராம். எல்லாரும் ஒண்டாச் சேந்து என்ர பிள்ளையை வெட்டிப்போட்டாங்கள். இவர் தனிய நிண்டு என்ன செய்யிறது. ‘ஐஞ்சு ஊரும் ஒரு பக்கம், நான் ஒருத்தன் என்னெண்டு மறிக்கிறது’ எண்டு சொல்லி இருந்து யோசிக்கிறார். சாப்பிடக்கூட இல்லை.”

சொல்லியிருக்கவேண்டியது நான். வாயைத் திறந்தேன். “பிள்ளை என்ன செய்யுது?” என்றுதான் கேட்க வந்தது.

“அறைக்குள்ள கிடக்குது. இதுதானே அதுக்குக் கடைசி வருசம். வாற வருசம் பதினேழு முடிஞ்சிடும். ‘அம்மா, இன்னும் ஒரே ஒரு கோடைதானே’ எண்டு அழுகுது. நான் என்ன சொல்ல?”

அடுத்தடுத்த நாட்களில் அருள்நாயகம் தொலைபேசியை விடவில்லை. பார்க்டேலுக்கு எடுத்தான், மொன்றியலுக்கும் எடுத்தான். கீழிருந்து குரல் எனக்குக் கேட்கும். “எங்கட ஊர் எண்டு ஒண்டு இருக்கெண்டு இந்தச் சனத்துக்குக் காட்டவேணும். உன்ர மகளை விடு. நான் வந்து ஏத்திக்கொண்டு போறன், நானே கொண்டுவந்து விடுறன்.” பார்க்டேலில் இரண்டு பிள்ளை, ஒன்றுக்குப் பத்து வயது. ஸ்ரௌவ்வில் பக்கம் புதுவீடு வாங்கிப் போன குடும்பத்தில் ஒன்று, பஸ் இல்லாத இடம், இவன்தான் போய் ஏற்றவேண்டும். இன்னொன்று சுகமில்லாத பிள்ளை, ஓடினால் இளைக்கும். நிரோஷினியோடு ஐந்து பேர். வின்சன்ற் தருகிற இரண்டோடு ஏழு. மனுசன் வேலை முடிந்து வந்து நீலக் கோடு போட்ட மட்டையில் இலந்தைத்துறை என்று எழுதி, யார் எந்த இடம் என்று படம் கீறிக்கொண்டிருந்தான். நிரோஷினிக்கு நேரே ‘தலைவி’ என்று எழுதியிருந்தான்.

அவளுக்கும் மெல்ல மெல்ல மனம் வந்தது. “பரவாயில்லை அன்ரி” என்றாள் என்னிடம், மின்தூக்கியில். “அப்பா பாவம். ஹீ இஸ் ட்ரையிங் ஸோ ஹார்ட். ஒருத்தரும் அவருக்கு ஹெல்ப் பண்ணேல்ல.” எனக்கு அந்த ஆறு மாடியும் அறுபது மாடியாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து வின்சன்ற் கைவிரித்தார். தொலைபேசியில் அவர் சொன்னதை அருள்நாயகமே பிறகு எனக்குச் சொன்னான், கார்த்தரிப்பிடத்தில், கம்பத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டு.

“‘நான் என்னெண்டு தாறது அருள்? தகப்பன்ர ஊர் எண்டு சட்டம் போட்டாச்சு. போட்டது நீதானே’ எண்டு கேக்கிறார் அக்கா. சிரிச்சுக்கொண்டு கேக்கிறார்.”

“அவருக்கு வேண்டியது தாழம்பிட்டி உடையிறது. அது உடைஞ்சிட்டுது. இனி நீ எதுக்கு?” என்றேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை. “வீட்டில சொல்லு. இண்டைக்கே சொல்லு. வேற ஆரும் சொல்லமுதல் நீயே சொல்லு.”

“சொல்லுறன் அக்கா. நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. நானே சொல்லுறன்.”

சொல்லவில்லை. வீட்டில் பேசி வைத்துத்தான் செய்தான் என்று நினைத்து, மற்றச் சனமும் யூஜினியிடம் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஐந்து பேரை வைத்துக்கொண்டு ரீம் இல்லை, பிள்ளைக்கு இனி இரண்டு ஊரும் இல்லை. யூஜினி சும்மா இருக்கிறவளா? ஒன்றியத்துக்கு முறைப்பாடு எழுதப் புறப்பட்டாள். ஆனி முடியமுதல் கொடுக்கவேண்டும், கூட்டக் குறிப்பின் பிரதியும் சேர்த்து. தகப்பனின் கையொப்பம் வேண்டும் என்று இவனிடம் நீட்டினால், இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினான். கடைசிச் சனிக்கிழமை, இவன் ஓவர்ரைம் போயிருந்த நேரம், கீழேயிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா, அந்தப் புத்தகத்தை ஒருக்காக் கொண்டுவாங்கோ. நானே பாத்து எழுதிறன்.”

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பக்கத்தைக் கிழித்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சங்கத்தில் பதினொரு வருடம் புத்தகம் எழுதினவள், கை வரவில்லை. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

யூஜினி குசினி மேசையில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் புளி கரைத்த சட்டி. நிரோஷினி பக்கத்துக் கதிரையில், ஒரு காலை மடித்து இருத்திக்கொண்டு, பேனையும் கடதாசியும் வைத்திருந்தாள். தாய் வாசிக்க, மகள் ஆங்கிலத்தில் எழுதுவதாக ஏற்பாடு. யூஜினி கையைக் கழுவி, துடைத்து, புத்தகத்தை விரித்தாள்.

“‘ஆனி எட்டாம் திகதி... சமூகமளித்தோர் இருபத்தொரு பேர்... செபத்துடன் ஆரம்பமானது...’ இதெல்லாம் தேவையில்லை. இந்தா. ‘பிரேரித்தவர் திரு. கிளிபோட்.’ எழுது பிள்ளை. ‘தாய் அல்லது தகப்பனின் ஊருக்கு...’”

“வெயிற் அம்மா. தாய் அல்லது? அப்ப நான் விளையாடலாமே.”

“பொறு, கீழ கிடக்கு. ‘தாய் அல்லது என்ற சொற்களை நீக்கும் திருத்தத்துடன் வழிமொழிந்தவர்...’”

நிறுத்தினாள். புளி கொதித்து விளிம்பில் வழிந்தது. ஒருவரும் எழும்பவில்லை. யூஜினி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவளுக்கு அது போதும்.

“வின்சன்ற்” என்று வாசித்தாள். குரல் மாறவேயில்லை. “‘வழிமொழிந்தவர் திரு. வின்சன்ற்.’ எழுது.”

நிரோஷினி எழுதத் தொடங்கினாள். பிறகு பேனையை வைத்துவிட்டுப் புத்தகத்தின் மேலே குனிந்தாள். சின்னனிலேயே இங்கே வந்த அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மூன்று வருடம் தகப்பன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். பிழையில்லாமல் அவள் பழகி வந்தது தன் பெயர் ஒன்றைத்தான். தன் பெயரும், அதற்குப் பின்னால் வருகிற தகப்பன் பெயரும்.

“அம்மா, இது வின்சன்ற் இல்லையே.” விரலை வைத்தாள். “அ... ரு... ள்... இது என்ர பேர். என்ர லாஸ்ற் நேம். ஏன் என்ர பேர் இதில கிடக்கு?”

யூஜினி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள், பிள்ளை விடவில்லை.

“என்னைப் பற்றி எழுதியிருக்கினமோ? அன்ரி, என்ர பேரை ஏன் எழுதினனீங்கள்?”

“அது உன்ர பேர் இல்லை பிள்ளை” என்றேன். வேறு என்ன சொல்வது. “உன்ர அப்பான்ர பேர்.”

அவள் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த நேரத்தை நான் இப்போதும் மறக்கவில்லை. தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் விரலை வைத்து முதலெழுத்திலிருந்து கடைசிவரை ஒருக்கால் தடவினாள்.

யூஜினி அடுப்பை நிற்பாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மூண்டு கிழமை, அக்கா. மூண்டு கிழமை தெரிஞ்சுகொண்டு என்ர வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறியள்.”

நான் புத்தகத்தை எடுக்கப் போனேன். “அது கிடக்கட்டும். அவர் வரமட்டும் இருங்கோ” என்றாள்.

மூன்றரைக்கு அருள்நாயகம் வந்தான். கையில் சாப்பாட்டுப் பெட்டி, சட்டையெல்லாம் இரும்புத் தூள். மேசையில் புத்தகம் விரிந்து கிடந்ததைக் கண்டான். சப்பாத்தைக் கழற்றாமலே நின்றான்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் யூஜினி, “உங்கட பிள்ளை ஒண்டு கேக்குது. பதில் சொல்லுங்கோ.”

பிள்ளை கேட்கமுதல் அவனே சொல்லத் தொடங்கினான், மகளைப் பார்க்காமல், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு.

“உனக்குக் கெடுதல் செய்ய நினைக்கேல்லை அம்மா. ஏழு பேர் சேருவினம் எண்டுதான் நம்பினனான். அந்தாள் வாக்குத் தந்தவர். மூண்டு வருசம் மைக்கில நான்தான் கூப்பிட்டனான், தாழம்பிட்டி நிரோஷினி, தாழம்பிட்டி நிரோஷினி எண்டு. ஒருக்கால், ஒரே ஒருக்கால், இலந்தைத்துறை நிரோஷினி எண்டு கூப்பிட ஆசைப்பட்டன். என்ர பிள்ளை எண்டு சனத்துக்குத் தெரியட்டும் எண்டு.”

நிரோஷினி எழும்பி அறைக்குள் போனாள். கதவைச் சாத்துவாள் என்று பார்த்தோம். சாத்தவில்லை. கடுநீலச் சேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள், விளையாடுகிற சேட்டு. முதல் வருடம் பிள்ளைகளின் முதுகில் பெயர் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அருள்நாயகம்தான். வெள்ளைக் கம்பளித் துணியில் ஆங்கில எழுத்துகளாக வெட்டி, ஏழு பிள்ளைகளுக்கும் யூஜினி தைத்துக் கொடுத்தாள். நிரோஷினியின் முதுகில்தான் நீளமான பெயர், பதினொரு எழுத்து, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை.

அதைத் தகப்பனுக்கு முன்னால் மேசையில் விரித்தாள், எழுத்துப் பக்கம் மேலே தெரிய.

“மூண்டு வருசமும் உங்கட பேரைத்தான் முதுகில போட்டுக்கொண்டு விளையாடினனான் அப்பா” என்றாள். “எல்லாருக்கும் தெரியும் நான் ஆரின்ர பிள்ளை எண்டு. உங்களுக்குத்தான் தெரியேல்ல.”

அவன் கதிரையில் இருந்துவிட்டான். மீன் அப்படியே கிடந்தது. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியேறினேன், மின்தூக்கிக்கு நிற்கவில்லை.

முறைப்பாடு எழுதவில்லை. யூஜினி என்னிடம் வருவதும் நின்றது. தையல் பிரிக்கிற கத்தியால் நிரோஷினி அந்தப் பதினொரு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள் என்றும், தாய் சேட்டைத் தோய்த்து மடித்துத் தாழம்பிட்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆவணியில் போட்டி நடந்தது. புழுக்கமான நாள், புல்லில் போட்ட சுண்ணாம்புக் கோடு வியர்த்த காலில் ஒட்டி ஒட்டி அழிந்தது. கம்பங்கள் அருள்நாயகம் செய்தவைதான், வேறு கம்பம் ஏது? மைக்கும் அவன் கையில்தான். வேறு ஆளைப் போடச் சொல்லிக் கேட்டுப்பார்த்தானாம், உன்னைப்போல் குரல் யாருக்கு என்று வின்சன்ற் விடவில்லை. தாயும் மகளும் வரவில்லை. போட்டி இந்த முறைதான் போட்டி மாதிரி இருந்தது, ஒரு கோல், இரண்டு கோல் வித்தியாசம், கடைசிவரை யார் வெல்வார்கள் என்று தெரியாது. கிளிபோட்டின் பிள்ளைகள் குதித்தார்கள். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

தாழம்பிட்டி இறங்கியபோது அருள்நாயகம் பெயர்களைக் கூப்பிட்டான். கோல் சூட்டராகப் புதுப்பிள்ளை ஒன்று, பதின்மூன்று வயதிருக்கும், மெலிந்தது. நிரோஷினியின் சேட்டு அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது. கூப்பிட்டதும் ஓடிப்போய் வட்டத்துக்குள் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பத்தைப் பார்த்தாள்.

மூன்று கோடை வெயிலிலும் தோய்ச்சலிலும் சேட்டு வெளிறிப்போயிருந்தது. எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வெளிறவில்லை. பதினொரு எழுத்தும், தையல் ஓட்டைகளோடு, பழைய கடுநீலத்தில் அப்படியே கிடந்தன. என் மேசையிலிருந்து வாசிக்க முடிந்தது. அவன் நின்ற இடத்திலிருந்தும் முடிந்திருக்கும்.

இன்னும் நாலு பேரைக் கூப்பிடவேண்டியிருந்தது. அவன் மைக்கை வாய்க்கு நேரே பிடித்தபடி நின்றான், மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. சனம் திரும்பிப் பார்த்தது. நடுவர் காத்துப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். அந்தப் பிள்ளை பத்துத்தரம் எறிந்தாள். விழுந்தது நாலு, அதை எழுதிக்கொண்டேன்.